கூண்டின் கால் நின்ற இடம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றியது. அடுத்த மாதத்திலிருந்து நான் விழுப்புரத்தில் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரிடம் வேலைக்குப் போகிறேன். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது உடைந்திருக்கிறது, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. இனி ஸ்ப்ரே கன் என் கையில் இருக்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் முகையூர்ப் பக்கம் கூலிக்கு நடவு நட்டு, அறுப்பு அறுத்து என்னை ஆட்டோமொபைல் டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தார்கள். திண்டிவனம் பைபாஸ் ஓரம் இருக்கும் இந்தப் பட்டறையில் பெயிண்ட் பிரிவில் சேர்ந்தபோது, "படிச்சிட்டு பெயிண்ட் அடிக்கவா போற?" என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டு வண்டிகள் பிறகு என்னிடம்தான் வந்தன. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

கன் பிடிப்பது, கலர் கலப்பது, மழைக்காலத்தில் தின்னரை மாற்றுவது எல்லாம் வேலையோடு வேலையாக வந்துவிடும். அவற்றை எழுதப் போவதில்லை. பழைய வண்டியைத் தேய்க்கும்போது, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டிக்கு அடியில் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அது எந்தப் பாடத்திலும் வராது. எனக்கு அது ஒரு ரேஸ் காரில் வந்தது.

அந்தக் காரை ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி. ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர் காக்கிச் சட்டையில் இருந்தார். மயிலத்துக்காரர், அரசு பஸ் டிரைவர். ஓய்வு பெறப் போகிற வயது. சிறிய பழைய கார் அது. பின் சீட்டு இல்லை, கதவில் துணி இல்லை, உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு மாதிரிப் பொருத்தியிருந்தது. கலர் ஒழுகி, கொப்புளம் விட்டு, பார்க்கப் பாவமாக இருந்தது.

எங்கள் டிங்கர் பாய், தகட்டு வேலையெல்லாம் பார்க்கிறவர், வண்டியைச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், ரேஸ் வண்டியா இது?"

"வண்டி ரேஸ் வண்டிதான் பாய். டிரைவருதான் ரூட்டு பஸ்ஸு."

"நடுவுல யாராவது கையக் காட்டினா நிறுத்திடப் போறீங்க."

"நிறுத்திருவேன் பாய். காலு தானா பிரேக்குக்குப் போவுது, இன்னா பண்றது?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் ஒரு பந்தயம் இருந்தது. பெரிய ஆட்கள் ஓட்டும் பந்தயம் இல்லை. வீட்டில் ஆசைக்குப் பழைய வண்டியை வாங்கிக் கட்டி, விடுமுறையில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கானது. அதற்கு இவர் பேர் கொடுத்திருந்தார். பழைய கலரைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்து, புதிதாக மாங்காய்ப் பச்சை அடித்துத் தரவேண்டும் என்றார். போனில் ஒரு படம் காட்டினார். அதே கார், பச்சையில், கம்ப்யூட்டரில் வரைந்தது.

"இது யாரு ஐயா வரஞ்சது?" என்று கேட்டேன்.

"எம்புள்ள. சதீசு."

"அவரு வரலியா?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவன் இல்லம்மா. வண்டி மொத்தமும் அவன் கட்டினது. போன வருசம் இதே ரேஸுக்குப் பேரு குடுத்திருந்தான். நான்தான் போவக்கூடாதுன்ட்டேன். சாவியப் புடுங்கி என் பையில போட்டுக்கினு டூட்டிக்குப் போய்ட்டேன். அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல. தட்டுல சோறு வச்சா சாப்புடுவான், எழுந்து போயிருவான். அப்பறம் காய்ச்சல் வந்துச்சு. ஜிப்மருக்குக் கொண்டும் போனோம்."

பாய் கையில் இருந்த ஸ்பேனரை ஓசையில்லாமல் மேசைமேல் வைத்தார்.

"அவனுக்குப் பதிலா நான் ஒரு தபா ஓட்டிட்டு வந்துட்டா..." என்று டிரைவர் ஐயா ஆரம்பித்தார்.

மறுநாள் தேய்க்க ஆரம்பித்தேன். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தேய்ப்பவளுக்கு, முன்னால் அந்த வண்டியில் வேலை செய்தவனைத் தெரிந்துவிடும். சதீஷை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் எங்கே அவசரப்பட்டான், எங்கே கை வலித்து விட்டுவிட்டான், எதை இரண்டாவது தடவை செய்தான் என்பதெல்லாம் நான் தேய்க்கும் வாட்டர் பேப்பருக்கு அடியில் வந்துகொண்டே இருந்தது. பானெட்டில் கலருக்கு உள்ளே பொடிப்பொடியாகச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மல்லாட்டைத் தோல், வேர்க்கடலையின் சிவப்புத் தோல். வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் மல்லாட்டை தூற்றும் நாளில் ஸ்ப்ரே அடித்திருக்கிறான். தூசி வராமல் இருக்க அம்மா புடவைகளை நனைத்துச் சுற்றிலும் கட்டிக்கொண்டு அடித்தான் என்று அவன் அப்பா பிறகு சொன்னார். கதவில் பட்டி போட்டிருந்த விதம் நன்றாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஓரம் தெரியவில்லை. எங்கள் பட்டறையிலேயே அப்படிப் போடாதவர்கள் உண்டு.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கூண்டின் கால் தரைத் தகட்டில் நிற்கும் இடத்தில் ஒரு கொப்புளம் இருந்தது. அதை உடைத்துத் தேய்க்கலாம் என்று ஸ்கிரேப்பரை வைத்தேன். உள்ளே போய்விட்டது. எடுத்துவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். அதுவும் பிடி வரைக்கும் போனது.

பட்டியைக் கொத்தி எடுத்தேன். பட்டிக்கு அடியில் ஃபைபர் துணி, பிசினில் தோய்த்து ஒட்டியது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. துருப்பிடித்த விளிம்பும், அதன் வழியே பட்டறைத் தரையும் தெரிந்தன. மற்றப் பக்கத்துக் காலையும் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான்.

பாய் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இவங்க வாங்கறதுக்கு முன்னாடி மரக்காணத்துல ஓடின வண்டி இது. உப்பளத்துப் பக்கம் ஓடினா மேல மாப்பிள்ள மாதிரி இருக்கும், அடியில அப்பளம்" என்றார்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. வெல்டிங் வைக்கும்போதெல்லாம் தகடு உருகி ஓட்டை விழுந்திருக்கும். சொல்லித்தர ஆள் கிடையாது. பந்தய நாள் நெருங்கியிருக்கும். ஃபைபர் துணியை ஒட்டி, பட்டி போட்டு, காய்ந்ததும் தட்டிப் பார்த்திருப்பான். கல் மாதிரி இருந்திருக்கும். கல் மாதிரி இருப்பது கல் மாதிரி தாங்கும் என்று நினைத்துவிட்டான். வீட்டில் தனியாக வண்டி கட்டுகிறவர்கள் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அந்தக் கூண்டு எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் ஆளைக் காப்பாற்றுவதற்கு. அதன் கால்களுக்கு அடியில் தகடு இல்லையென்றால், உருளும்போது கூண்டு கீழே இறங்கிவிடும். கூரை தலைக்கு வந்துவிடும்.

"இத சரி பண்ண முடியுமா பாய்?"

"கூண்ட வெளிய எடுக்கணும். ரெண்டு பக்கமும் ரன்னிங் போர்டோட சேத்து ஃபுல்லா அறுக்கணும். ஞாயித்துக்கெழமை இல்ல, தீவாளிக்கும் முடியாது. தகடு இருந்தாத்தான தகடு ஒட்டும்?" ஓட்டையின் விளிம்பைத் தடவிவிட்டு, "மேல ஒரு பிளேட்ட வச்சி ஜல்தியா நாலு எடத்துல வெல்டிங் டேக் போட்டா பாக்க நல்லாருக்கும்" என்றார். பிறகு டார்ச்சை அணைத்துக்கொண்டே, "பாக்கத்தான்" என்றார்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும்.

"நம்மகிட்ட இன்னா கேட்டாரு? கலரு. கலர அடிச்சிக் குடு."

"உள்ள ஒண்ணுமே இல்ல சார்."

"அங்க செக்கிங் வச்சிருப்பாங்க இல்ல? அவங்க பாத்துக்குவாங்க."

"நம்ம பெயிண்ட்டுக்கு மேல அவங்க இன்னாத்த சார் பாப்பாங்க?"

அவர் பேனாவை மூடினார். "அந்த ஆளு மூஞ்சப் பாத்தல்ல? புள்ள போன ஊடு. புள்ள பண்ணது தப்புன்னு நீ போய் சொல்லப் போறியா?"

"அதாங்க பேஜாரு" என்றார் வாசலில் நின்றிருந்த பாய்.

அன்றைக்கு எனக்கு வழிகள் நிறைய இருந்தன. கலர் லேட் ஆகும், ஞாயிற்றுக்கிழமைக்கு முடியாது என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் அடுத்த பந்தயத்துக்கு அவர் வேறு பட்டறையில் அடித்துக்கொண்டு போவார், ஓட்டை மூடியபடியே இருக்கும். அதனால்தான் போன் போட்டு, "டூட்டி முடிஞ்சதும் ஒரு தடவ வந்து பாருங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். போனில் காரணம் சொல்லவில்லை. இப்படிப்பட்டதை வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் சொல்லவேண்டும்.

மதியம் வந்தார். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, கலர் அடித்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ. கையில் இருந்த மரச் சுத்தியலை அவரிடம் கொடுத்தேன்.

"கதவத் தட்டிப் பாருங்க ஐயா. அப்பறம் கூண்டுக் காலுகிட்ட தட்டிப் பாருங்க."

தினமும் வண்டி எடுக்கும் முன்னால் டயரைத் தட்டிக் காற்றைச் சொல்கிறவர் அவர். கதவைத் தட்டினார். உள்ளே குனிந்து கால் பக்கம் தட்டினார்; தகட்டின் சத்தம் வரவில்லை. மறுபடியும் தட்டினார். அப்புறம் காக்கி பேண்ட்டோடு முட்டி போட்டு, நான் கொத்தி வைத்திருந்த ஓட்டைக்குள் விரலை விட்டார். அந்தப் பக்கம் விரல் வெளியே வந்தது.

"வாங்கும்போதே இப்பிடி இருந்துச்சா? எம்புள்ள பண்ணானா?"

முதலாளி என்னைப் பார்த்தார். வாங்கும்போதே இருந்தது என்று சொல்லச் சொல்லும் பார்வை அது. அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லாத மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அவர் ஆயுசு முழுக்க வண்டியோடு இருந்தவர். கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போய்விடுவார்.

"துரு வாங்கும்போதே இருந்துச்சு ஐயா. மூடினது அவரு. வெல்டிங் புடிக்கல, அதான் ஃபைபர் போட்டுப் பட்டி வச்சிட்டாரு. தாங்கும்னு நெனச்சிருக்காரு. தெரிஞ்சே பண்ணல."

"தாங்காதா?"

"தாங்காது ஐயா."

விரலை எடுத்துத் துருவைப் பேண்ட்டில் துடைத்தார். முதலாளி ஆறுதல் சொல்ல முன்னால் வந்தார்.

"ஒரு வகையில நீங்க அன்னிக்குத் தடுத்தது நல்லதாப் போச்சு சார். இல்லன்னா இதுலயே..."

"இல்ல சார்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "எனக்கு இது தெரியாது. தெரிஞ்சா தடுத்தேன்? டூட்டி முடிச்சி ஊட்டுக்கு வர்றேன், வாசல்ல நாலு பசங்களோட சிரிச்சிப் பேசிக்கினு இருக்கான். என்னப் பாத்ததும் சிரிப்ப நிறுத்திட்டானுங்க. அந்தக் கோவம். அதுக்குத்தான் சாவியப் புடுங்கினேன். ரேஸு, ஆபத்து எல்லாம் அப்பறம் நானா சொல்லிக்கினது. இத வச்சி நான் காப்பாத்தினேன்னு எப்பிடி சொல்லுவேன்? அவன்தான் இல்லியே."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் மெதுவா ஓட்டறேன்மா. கடைசியா வர்றேன். எல்லாரும் போனப்பறம் எடுக்கறேன்."

"பின்னாடி வர்றவங்க மெதுவா வரமாட்டாங்க ஐயா."

"அவன் பேர ஸ்டிக்கர் போட்டு வாங்கிட்டேன். டோர்ல ஒட்டறதுக்கு."

"ஐயா, உங்களுக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல. நான் இத மூடமாட்டேன்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கவேண்டியவர் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். நடந்து ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டி ஏறிவிட்டார்.

"போச்சு. நாளைக்கு டிராக்டரோட வந்து வேற பட்டறைக்கு இழுத்துக்கினு போயிருவாரு பாரு" என்றார் முதலாளி. வண்டியை வீணாக நிறுத்தி வைக்காமல் மற்ற இடங்களையாவது பிரைமர் அடித்து முடி என்றார். முடித்தேன். கூண்டின் கால்களை மட்டும் திறந்தபடியே விட்டேன். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பட்டியும் பெயிண்ட்டும் மூடுவதற்கான பொருட்கள். நம் வேலையே மூடுவது. அதனால் மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கிற கண் நம்முடையது. நமக்குப் பிறகு பார்ப்பவர்களுக்குக் கலர் மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர் எவ்வளவு அழுதாலும், முதலாளி எவ்வளவு கேட்டாலும், திறந்ததை அவர் விரலை வைத்துப் பார்க்கும்வரை மூடாதீர்கள். சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு ஆகவில்லை. அந்த இரண்டு நாளும் அம்மா சோறு போட்டால், தட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். டிராக்டர் இல்லை. காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பந்தயத்துக்காக எடுத்திருந்த லீவு என்று சொன்னார். சாம்பல் கலர் பிரைமரில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிக் கூண்டின் காலைப் பார்த்தார். திறந்தே இருந்தது.

"பாய், இந்தக் கூண்ட அறுத்து எடுத்துருங்க. கூண்டு இருந்தா எவனாவது ரேஸ் வண்டின்னு கேட்டு வாங்கி ஓட்டுவான்."

பாய் தலையாட்டிவிட்டு கிரைண்டருக்கு ஒயர் இழுக்கப் போனார். டிரைவர் ஐயா என்னிடம் வந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு தபா ஓட்டிப் பாக்கலாமாம்மா? ரோட்டுல இல்ல. பின்னாடி."

பட்டறைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் மைதானம் அன்று காலியாக இருந்தது. நான் யோசித்தேன். நடக்கிற வேகத்தில், தனியாக, சமமான தரையில். "செகண்ட் கியருக்கு மேல போவக்கூடாது ஐயா" என்றேன்.

"ரூட்டு பஸ்ஸுல செகண்டுக்கு மேல நீ எங்கம்மா பாத்த" என்றார்.

சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தார். உள்ளே ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்து, சீட்டைப் பின்னால் தள்ளினார். அவரைவிடக் கால் குட்டையான ஒருவருக்காக வைத்த சீட் அது. வண்டியை எடுத்தார். ரேஸ் வண்டிக்கான சத்தம் வந்தது, ஆனால் வண்டி கோயில் தேர் மாதிரித்தான் நகர்ந்தது. மைதானத்தின் கடைசியில் இருந்த வேப்பமரத்தைச் சுற்றினார். வளைவில் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார், பின்னால் யாரும் வராவிட்டாலும். திரும்பி வந்து எங்களுக்கு எதிரே, குலுங்காமல் நிறுத்தினார்.

அணைத்துவிட்டு இறங்குவார் என்று காத்திருந்தோம். இறங்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் போனேன். இடது காலால் கிளட்ச்சை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"கிளட்ச்சப் பாத்தியாம்மா?" என்றார். "காலு வச்சா போதும். எங்க புடிக்குதுன்னு காலுக்கே தெரியுது. டிப்போவுல ஒருத்தன் இப்பிடி வச்சிக் குடுத்ததில்ல எனக்கு."

"நல்லா வச்சிருக்காரு ஐயா."

"எனக்குத்தான் மொதல்ல காட்டினான். வண்டி ஸ்டார்ட் ஆன அன்னிக்கு. ஒரு தபா ஓட்டிப் பாருப்பா, கிளட்ச் எப்பிடி இருக்குன்னு நீதான் சொல்லணும்னான்." ஸ்டேரிங்கைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை. "டூட்டிக்கு நேரமாவுதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டேன்."

பின்னால் பாய் கிரைண்டரைப் போட்டுப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் டிரைவர் ஐயா நிமிர்ந்து, ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

"இருங்க பாய். இன்னொரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்."

பாய் கிரைண்டரை அணைத்துத் தரையில் வைத்தார். வண்டி கிளம்பியது. அவர் அந்த மரத்தைச் சுற்றி வந்தார், எங்கள் எதிரே நிறுத்தாமல் திரும்பவும் போனார், திரும்பவும் வந்தார். நாங்கள் யாரும் போதும் என்று சொல்லவில்லை.